ஆறு கிராபிக்ஸ் கார்டுக்கு எப்படிக் கரண்ட் கொடுப்பது? மைனிங் மெஷின் கட்டுபவர்களுக்கு ஓர் ஆரம்பப் பாடம்

மைனிங் மெஷின் என்பது, கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பதற்காகப் பல கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாகக் கணக்குப் போடவைக்கும் கம்பியூட்டர். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கம்பியூட்டர்க் கடை கடையாக ஏறி இறங்கும் இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணா, ஆறு கார்ட் போடப்போறன், எத்தனை வாட் பவர் சப்ளை வேணும்?" கடைக்காரரும் மனக்கணக்குப் போட்டு ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் சரியாகவும் இருக்கும். ஆனாலும் மெஷின் எரியும்.

ஏனென்றால் கேள்வியே பாதிதான். கருகிப்போன மைனிங் மெஷின்களைத் திறந்து பார்த்தால் பவர் சப்ளையில் வாட் போதாமல் எரிந்திருப்பது அபூர்வம். வாட் தாராளமாக இருக்கும். எங்கோ ஒரு சின்ன பிளக், தன்னால் தாங்கமுடியாத கரண்டைத் தூக்கிச் சுமந்து உருகியிருக்கும். கொழும்பின் காலி வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைக்குள் லொறி போகாது அல்லவா, அதே கதைதான். ஆகவே மொத்த வாட்டைக் கேட்பதோடு நிற்காமல், ஒவ்வொரு வயரிலும் ஒவ்வொரு பிளக்கிலும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று கேட்கப் பழகவேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்குத்தான்.

இலாப நட்டத்தை ஒரு பந்தியில் முடித்துவிடுகிறேன். எத்தீரியம் என்ற பெரிய கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15இல் மைனிங் முறையையே கைவிட்டது. கிராபிக்ஸ் கார்டால் சம்பாதித்தவர்களின் பெரிய வருமானம் அன்றோடு போய்விட்டது. இப்போது ரேவன்கொயின், எர்கோ போன்ற சிறிய நாணயங்கள்தான் மிச்சம். கொழும்பின் கரண்ட் பில்லோடு பார்த்தால் கையைக் கடிக்கும். மத்திய வங்கியும் கிரிப்டோ பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. இருந்தும் பழைய மைனிங் கார்டுகளை மலிவாக வாங்கிப் பழகுபவர்கள் இருக்கிறார்கள். அதே மெஷினில் பிளெண்டர் ரெண்டரிங்கோ (முப்பரிமாணப் படம் உருவாக்கும் வேலை) ஏஐ மாடலோ ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். வேலை எதுவானாலும் கரண்ட் கணக்கு ஒன்றுதான்.

230 வோல்ட்டும் 12 வோல்ட்டும்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பாடசாலையில் படித்ததுதான். 200 வாட் தின்னும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டின் முழு அளவு அதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டில் 200 வாட்டுக்கு 0.87 ஆம்பியர் போதும். ஆனால் கார்டுக்குள் போவது பவர் சப்ளை மாற்றித்தரும் 12 வோல்ட். அங்கே அதே 200 வாட்டுக்கு 16.7 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய 19 மடங்கு.

வயர் சூடாவது வோல்ட்டால் அல்ல, ஆம்பியரால். அதுவும் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பிளக்கின் ஊசியும் துளையும் சரியாகக் கவ்வாமல் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 4 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் 0.8 வாட் வெப்பம். கையில்கூடப் படாது. அதே இடத்தில் 12 ஆம்பியர் ஓடினால் 7.2 வாட். ஒரு நெல்மணி அளவு உலோகத்தில், நான்கு பக்கமும் பிளாஸ்டிக்கால் மூடிய நிலையில், 7 வாட் இரவு பகலாக வெப்பமாக வெளிவரும். சூட்டில் ஊசியின் ஸ்பிரிங் தளரும், உலோகம் கறுக்கும், தடை இன்னும் கூடும், சூடும் கூடும். இது ஒரு நாளில் நடப்பதில்லை. முதல் வாரம் ஒழுங்காக ஓடிய மெஷின் மூன்றாவது மாதம் நாறத் தொடங்குவது இப்படித்தான்.

வெளியில் 230 வோல்ட்டுக்குப் பயப்படும் நாம் உள்ளே 12 வோல்ட்டை விளையாட்டுச் சாமான் போலப் பார்க்கிறோம். ஷாக் விஷயத்தில் அது சரி. தீ விஷயத்தில் 12 வோல்ட் பக்கம்தான் முதலில் பார்க்கவேண்டியது.

"பிறேக்கர் விழும்தானே?"

விழாது. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு நல்ல 1000 வாட் பவர் சப்ளை, 12 வோல்ட்டில் சுமார் 83 ஆம்பியர் தரும். பல மாடல்களில் அந்த 83 ஆம்பியரும் ஒரே தடத்தில் வருகிறது. அதற்கும் மேலே போனால்தான் உள்ளே இருக்கும் பாதுகாப்பு வெட்டும். 4 ஆம்பியருக்குச் செய்த ஒரு பிளக்கில் 12 ஆம்பியர் ஓடுவது பவர் சப்ளையின் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. சுவரில் இருக்கும் பிறேக்கர் மொத்தம் நாலைந்து ஆம்பியரைத்தான் பார்க்கிறது, அதற்கும் திருப்தி. மெயின் போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச், போகிற கரண்டும் திரும்பிவரும் கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். அளவைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஆக, பிளக் கொதிப்பதைக் கவனிக்க வீட்டில் ஒரு கருவியும் கிடையாது. அந்தக் கணக்கை மெஷினைக் கட்டுகிறவர் முன்கூட்டியே போட்டால்தான் உண்டு.

எந்த பிளக் எவ்வளவு தாங்கும்

ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு வழியாகக் கரண்ட் போகிறது. ஒன்று, அது செருகியிருக்கும் ஸ்லொட். பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி ஸ்லொட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். இரண்டாவது, கார்டின் தலையில் இருக்கும் பிளக். 6 பின் பிளக்குக்கு விதி 75 வாட், 8 பின்னுக்கு 150 வாட்.

8 பின் பிளக்கில் 12 வோல்ட் வயர் மூன்று. 150 வாட்டுக்கு 12.5 ஆம்பியர், மூன்றாகப் பிரிந்தால் வயருக்கு 4.2 ஆம்பியர். அந்த வயரும் ஊசியும் அதைவிடக் கூடவே தாங்கும், தாராளமான இடைவெளி விட்டுத்தான் விதி எழுதியிருக்கிறார்கள். அதனால் 8 பின் பிளக் நேரடியாகப் பவர் சப்ளையிலிருந்து வந்தால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. பயப்படவேண்டியது, அதிலிருந்து இரண்டு கிளை பிரித்து இரண்டு கார்டுக்குக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வயர்களுக்கு. புறக்கோட்டையில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் அந்த வயரில் செம்பு எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். பவர் சப்ளையோடு வரும் இரட்டைத் தலைக் கேபிள் வேறு விஷயம், அதை ஒரே கார்டுக்குப் பயன்படுத்தலாம். 225 வாட்டுக்கு மேல் தின்னும் கார்ட் என்றால் அதற்கும் இரண்டு தனிக் கேபிள் போடுவதுதான் நல்லது.

புதிய கார்டுகளில் வரும் 16 பின் பிளக்கின் கதை வேறு. 600 வாட் வரை என்கிறார்கள். அதாவது 50 ஆம்பியர், ஆறு ஊசியில். ஊசிக்கு 8.3 ஆம்பியர், அதன் தாங்கும் அளவோ 9.5 தான். இடைவெளி மிகக் குறைவு. 2022 ஒக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்த சில வாரங்களிலேயே பிளக் உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அந்த பிளக் உள்ள கார்டில் செருகல் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே தெரியக்கூடாது, பிளக்குக்குப் பக்கத்திலேயே வயரை மடக்கவும் கூடாது.

இனி மற்ற இரண்டு. மொலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு மஞ்சள் வயர். ஒரு பிளக்குக்கு ஒரு ரைசர் (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்கும் சின்னப் பலகை, அடுத்த பகுதியில் வருகிறது), ஒரு கேபிளுக்கு அதிகபட்சம் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா பிளக், ஹார்ட் டிஸ்க்குக்காகச் செய்தது. 15 ஊசியில் மூன்றுதான் 12 வோல்ட், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். இந்த 54ஐ நினைவில் வைத்திருங்கள்.

ரைசர் என்ற சின்னத் துண்டு

சாதாரண மதர்போர்டில் ஆறு கார்டை அருகருகே செருக இடமில்லை. அதனால் ரைசர் போடுகிறோம். மதர்போர்டில் ஒரு விரலகலத் துண்டு, அதிலிருந்து யூஎஸ்பி 3 கேபிள், மறுமுனையில் கார்ட் உட்காரும் ஒரு சிறிய பலகை. பார்ப்பதற்கு யூஎஸ்பி என்றாலும் அதில் போவது தகவல் மட்டும்தான். கார்ட் ஸ்லொட்டிலிருந்து எடுக்கவேண்டிய 75 வாட்டை அந்தப் பலகைக்கு நாம் தனியாகக் கொடுக்கவேண்டும். அதற்காகப் பலகையில் 6 பின், மொலெக்ஸ், சாட்டா என்று ஒன்றோ பலவோ வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் ஒரு சாட்டா டு 6 பின் வயரும் இலவசமாகக் கிடக்கும்.

அந்த இலவச வயரைக் குப்பையில் போடுங்கள்.

கார்ட் 75 வாட் வரை கேட்கலாம், சாட்டா 54 தான் தாங்கும். கணக்கு அங்கேயே இடிக்கிறது. எல்லாக் கார்டும் 75 எடுக்காது, 50 வாட்டோடு நிற்பவையும் உண்டு என்பதால் பலருக்குத் தப்பிவிடுகிறது. ஆனால் தலையில் பிளக்கே இல்லாத சின்னக் கார்டுகள், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்றவை, முழுச் சாப்பாட்டையும் ஸ்லொட் வழியாகத்தான் எடுக்கும். சின்னக் கார்ட்தானே என்று சாட்டா கொடுத்தால் அதுதான் முதலில் எரியும். விதியை மீறிய கார்டுகளும் இருந்திருக்கின்றன. 2016இல் வந்த ஆர்எக்ஸ் 480 ஸ்லொட்டிலிருந்து 75க்கு மேல் இழுப்பது தெரியவந்து, ஏஎம்டி கம்பெனி டிரைவரை மாற்றவேண்டி வந்தது.

இன்னும் மோசமானது, ஒரே சாட்டா கேபிளில் இருக்கும் மூன்று பிளக்கிலும் மூன்று ரைசரை மாட்டுவது. மூன்று பிளக்காகத் தெரிந்தாலும் பின்னால் ஓடுவது ஒரே ஒரு மஞ்சள் வயர். ரைசருக்கு 50 வாட் என்றாலே 150 வாட், 12.5 ஆம்பியர், ஒற்றை வயரில்.

எரிந்த சாட்டா பிளக்கை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். பதினைந்து ஊசியும் கருகியிருக்காது. ஓர் ஓரத்தில் மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் வீங்கிப் பளபளவென்று உருகியிருக்கும், மறு ஓரம் புதிது போலவே இருக்கும். உருகிய ஓரத்தில்தான் அந்த மூன்று 12 வோல்ட் ஊசிகள். மஞ்சள் வயரின் உறை பிளக்கிலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்குப் பழுப்பு நிறமாகி, வளைத்தால் நொறுங்கும். பிளக் முழுவதையும் ஒரே அச்சில் வார்த்த மாடல்கள் இதைவிட ஆபத்து. பிளாஸ்டிக் இளகும்போது உள்ளே வயர்கள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டுவிடும்.

சரி, எதைத்தான் கொடுப்பது? ரைசரில் 6 பின் பிளக் உள்ள மாடலை வாங்கி, பவர் சப்ளையிலிருந்து வரும் 6+2 பின் கேபிளை (6 பின்னாகவும் 8 பின்னாகவும் பயன்படுவது) நேரடியாக அதில் செருகுங்கள். ஒரு கேபிளில் இரண்டு தலை இருந்தால் இரண்டு ரைசருக்குக் கொடுக்கலாம்: 75 இரண்டு 150 வாட், கேபிளின் அளவுக்குள்தான்.

ரைசர் இல்லாமல் மூன்று நான்கு கார்டை நேரடியாக மதர்போர்டில் செருகுபவர்களுக்கு ஒரு சொல். மதர்போர்டுக்கு வரும் 24 பின் பிளக்கில் 12 வோல்ட் வயர் இரண்டே இரண்டு. நான்கு கார்ட் ஒவ்வொன்றும் ஸ்லொட்டிலிருந்து 60 வாட் எடுத்தால் அந்த இரண்டு வயரில் ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர். மைனிங்குக்கென்றே வந்த மதர்போர்டுகளில் கூடுதலாக மொலெக்ஸோ 6 பின்னோ வைத்திருப்பது அழகுக்கு அல்ல. அதைக் கட்டாயம் மாட்டவேண்டும்.

ரைசர்ப் பலகையின் அடிப்பக்கத்தில் ஈயப்பொட்டுகள் திறந்தே கிடக்கும். அலுமினியச் சட்டத்தில் வைப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் தாங்கிகள் போட்டு உயர்த்துங்கள்.

பவர் சப்ளைக் கணக்கு

இப்போது கடைக்காரரிடம் கேட்ட அந்த முதல் கேள்விக்கு வருவோம். ஆறு 3060 டிஐ கார்ட். மைனிங்கில் சிப்பின் வோல்ட்டைக் குறைத்து, ஒவ்வொன்றையும் 130 வாட்டில் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்வோம். ஆறுக்கும் 780. மதர்போர்ட், புரொசெசர், விசிறிகளுக்கு 100. மொத்தம் 880 வாட். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் பவர் சப்ளையை அதன் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற பழக்கத்தின்படி 1100. கடையில் 1200 வாட் தருவார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த 130 வாட் என்பது மென்பொருளில் வைத்த எல்லை. விண்டோஸ் அப்டேட் ஆகி மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ, மைனிங் புரோகிராம் அந்த செட்டிங்கை ஏற்ற மறந்தாலோ, ஆறு கார்டும் 200க்குப் போய்விடும். 1300 வாட். நடுச்சாமத்தில், நீங்கள் தூங்கும்போது. அதனால் வயர்க் கணக்கை எப்போதும் கார்டின் முழு வாட்டுக்கே போடுங்கள். பவர் சப்ளையையும் அந்த முழுக் கணக்கைத் தாங்குவதாகவே வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு.

மென்பொருள் காட்டும் வாட்டையும் அப்படியே நம்பவேண்டாம். என்விடியா கார்டுகள் முழுக் கார்டின் அளவைக் காட்டும். ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய ஏஎம்டி கார்டுகள் சிப் தின்பதை மட்டும் காட்டும், உண்மையான அளவு அதைவிடக் கூட. சுவர் பிளக்கில் மாட்டும் ஒரு வாட் மீட்டர் வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

ரெண்டரிங், ஏஐ வேலைக்கு ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. மைனிங் சீராக இழுக்கும். அந்த வேலைகள் அப்படியல்ல, பெரிய கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குள் தம் அளவைப்போல இரண்டு மடங்கு வரைகூட இழுத்து அடங்கும். 80 சதவீதக் கணக்கு அங்கே காணாது.

பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கப் பழகுங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கும். கீழே சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், கார்டுக்குக் கிடைப்பது 216 வாட்தான். மீதி நாம் பயன்படுத்தாத 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம், அல்லது வெறும் பேச்சு. நல்ல பவர் சப்ளையில் 12 வோல்ட் ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் மொத்த வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 80 பிளஸ் கோல்ட் முத்திரை செயல்திறனைப் பற்றியது, பாதுகாப்பைப் பற்றியது அல்ல. இருந்தாலும் முழுநேரம் ஓடும் மெஷினுக்குக் கோல்டுக்குக் கீழே போவதில் பிரயோசனமில்லை, வீணாகும் கரண்ட் உங்கள் பில்லில்தான் வரும்.

இரண்டு பவர் சப்ளை போட்டால்

1300 வாட்டுக்கு 80 சதவீதக் கணக்கு போட்டால் 1625 வாட் வேண்டும். அவ்வளவு பெரிய ஒன்றைத் தேடி வாங்குவதைவிட 850 வாட்டில் இரண்டு போடுவது மலிவு. முதலாவது மதர்போர்டையும் மூன்று கார்டையும் பார்த்துக்கொள்ளும், இரண்டாவது மற்ற மூன்றையும். கார்டுகள் எல்லாம் முழு வேகத்துக்குப் போனாலும் முதலாவதில் 700 வாட்தான்.

இதில் மீறக்கூடாத ஒரு விதி: ஒரு கார்டும் அது உட்காரும் ரைசரும் ஒரே பவர் சப்ளையில் இருக்கவேண்டும். கார்டின் தலைக்கு ஒன்றிலிருந்தும் ரைசருக்கு மற்றதிலிருந்தும் கொடுத்தால், இரண்டின் 12 வோல்ட்டும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. ஒன்று 11.9, மற்றது 12.2 என்று இருக்கும். ஓடும்போது அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஒரு பவர் சப்ளை நின்றுபோகும்போதுதான் வினை. கார்ட் பாதி உயிரோடும் பாதி செத்தும் நிற்கும், கரண்ட் போகக்கூடாத வழியால் போகத் தேடும்.

இரண்டும் ஒன்றாக எழும்பி ஒன்றாகப் படுக்கவும் வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன ரிலே போர்ட் கிடைக்கிறது. முதலாவதின் மொலெக்ஸை அதில் மாட்டினால், முதலாவது எழும்பும்போது இரண்டாவதையும் எழுப்பிவிடும். 24 பின் பிளக்கில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைக்கும் வித்தையை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்யும். ஆனால் மெஷினை ஓஃப் செய்த பிறகும் இரண்டாவது பவர் சப்ளை கார்டுகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பழைய பவர் சப்ளை ஒன்றை மேசையில் சோதித்துப் பார்க்க கிளிப் போதும், மெஷினுக்குள் வேண்டாம்.

அப்புறம் கேபிள். மொடியூலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிள், கார்ட் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி. பவர் சப்ளைப் பக்கம் அப்படியல்ல. அதற்குப் பொது விதி கிடையாது. ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றின் துளைக்குள் அழகாக உட்காரும், 12 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் கிரவுண்ட் இருக்கும். சுவிட்சைப் போட்ட கணத்தில் கார்ட் போய்விடும். இரண்டு பவர் சப்ளையும் வேறு வேறு என்றால் கேபிள்களில் நிற டேப் சுற்றிவைத்துவிடுங்கள்.

சுவர்ப் பக்கம்

880 வாட் மெஷின், பவர் சப்ளையின் 10 சதவீத நட்டத்தையும் சேர்த்தால் சுவரிலிருந்து 980 வாட் அளவில் இழுக்கும். 4.3 ஆம்பியர். முழு வேகத்தில் 1440 வாட், 6.3 ஆம்பியர். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் 5 ஆம்பியர் உருண்டை முள் பொயின்ட்டுக்கு இது ஆகாது. அந்த பொயின்ட் பெரும்பாலும் லைட் லைனிலிருந்து 1/1.13 வயரில் இழுத்ததாக இருக்கும், அது 1 சதுர மில்லிமீட்டர்தான். 7/0.67 வயரில், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டரில் இழுத்த 13 ஆம்பியர் சதுர முள் பொயின்ட் வேண்டும். 13 ஆம்பியர் என்றால் 2990 வாட் என்று எண்ணி அதே பொயின்ட்டில் ஏசியையும் கேத்தலையும் மாட்டவேண்டாம். சமையலறையில் கேத்தல் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும், இது நிற்காது. தொடர்ந்து ஓடும் மெஷினுக்கு ஒரு பொயின்ட்டில் 2000 வாட்டோடு நிறுத்துவது நல்லது. உருண்டை முள்ளைச் சதுரத்துக்கு மாற்றும் அடாப்டர், சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் கோர்ட் இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

அனெக்ஸில் வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். எர்த் இல்லாத பொயின்ட்டில் மாட்டிய மெஷினின் சட்டத்தைத் தொட்டால் கை கூசும். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியைச் சட்டத்தில் ஏற்றிவிடுவதால் வருவது அது. எர்த் இருந்தால் அது எர்த் வழியாகப் போய்விடும். ஆனால் ஒவ்வொரு பவர் சப்ளையும் இப்படிக் கொஞ்சம் கசியவிடும். நாலைந்து மெஷின் சேர்ந்தால் எந்தப் பழுதும் இல்லாமலே 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் விழத் தொடங்கும். அப்போது டிரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், மெஷின்களை வேறு வேறு டிரிப் சுவிட்ச்களுக்குப் பிரித்துவிடுங்கள். ஒரே மெஷினின் இரண்டு பவர் சப்ளையை மட்டும் பிரிக்கக்கூடாது, மூன்று பேஸ் உள்ள வீட்டில் இரண்டையும் ஒரே பேஸில் வையுங்கள்.

கரண்ட் போய் வரும் நேரமும் ஆபத்தானது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர வெட்டைப் பார்த்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க இருண்டதையும் பார்த்தோம். கரண்ட் திரும்பும்போது வோல்ட் ஏறி இறங்கும், ஒரு பகுதியின் எல்லா பிரிட்ஜும் ஏசியும் ஒன்றாக எழும்பும். மதர்போர்டின் பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் செட்டிங்கை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் பொறுத்துக் கையால் போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையே கழற்றுவதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை.

பில்லையும் சொல்லிவிடுகிறேன்: 980 வாட் என்றால் ஒரு நாளைக்கு 23 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 700. வீட்டுக் கட்டணத்தில் 180 யூனிட் தாண்டினாலே உச்சப் படி. கரண்ட் தருவது எந்த நிறுவனமானாலும் அதேதான்.

முதல் நாள் ஓட்டம்

ஆறு கார்டையும் மாட்டிவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள். ஒரு கார்டோடு எழுப்பி, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, அந்தக் கார்டின் ஒவ்வொரு பிளக்கையும் வெளியிலிருந்து விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அந்த இடத்தில் ஏதோ பிழை. நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஊசிகளைப் பார்த்து, கேபிளை மாற்றிய பிறகுதான் அடுத்த கார்ட். சுவர் பிளக்கையும் கழற்றி அதன் முள்ளைத் தொடுங்கள், சூடான முள் என்றால் சொக்கெட் தளர்ந்திருக்கிறது. ஒரு உலர் தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மெஷினிலிருந்து புகை கண்டால் முதலில் மெயின் சுவிட்ச், தண்ணீர் ஒருபோதும் இல்லை.

கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. உப்புக் காற்று ஊசிகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படியும், அது நேரடியாகத் தடையைக் கூட்டும். மாதம் ஒருமுறை மெஷினை நிறுத்தி எல்லா பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். படிந்திருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு திரும்பவும் அழுத்திச் செருகுங்கள். கறுப்பாகியிருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்தக் கேபிளை மாற்றுங்கள்.